பூட்டை மாற்றிய கீரி

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில், அறப்பளீஸ்வரர் கோயில் பக்கமும் ஆகாய கங்கைக்குப் படி இறங்கும் பக்கமும் மூலிகை விற்பவர்களுக்குப் பஞ்சமில்லை. முடவாட்டுக்கால் கிழங்கு, மலைத்தேன், மிளகு, பெயர் தெரியாத வேர்கள், பட்டைகள். சித்தர்கள் உலவிய மலை என்ற பேர் இருப்பதால், கொல்லிமலைச் சரக்கு என்றாலே சமவெளிக்காரர்களுக்குக் கூடுதல் நம்பிக்கை. பேச்சு விஷமுறிவுப் பக்கம் திரும்பினால், தமிழ்நாட்டின் எந்த மலையடிவாரத்திலும் கேட்கக் கிடைக்கும் அந்தக் கதை வந்துவிடும். நல்ல பாம்போடு சண்டை போடும் கீரி, கடிபட்டதும் புதருக்குள் ஓடுமாம். ஒரு பூண்டைத் தின்றுவிட்டோ, அதன்மேல் புரண்டுவிட்டோ தெம்பாகத் திரும்பி வந்து பாம்பைத் தீர்த்துக்கட்டுமாம்.

அந்தப் பூண்டைக் கீரிப்பூண்டு என்றும் கீரிப்புரண்டான் என்றும் சொல்வார்கள். கதை பழசு. போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் கோவாவில் அச்சிட்ட மருந்து நூலிலேயே கீரியும் பாம்புக்கடி வேரும் வந்துவிட்டன. 1753இல் லின்னேயஸ் அந்தச் செடிக்கு ‘ஓஃபியோரைசா முங்கோஸ்’ என்று பெயர் வைத்தபோது கீரியும் அதில் ஒட்டிக்கொண்டது.

கதையில் பாதி உண்மை. கீரி நாகத்தின் கடியைத் தாங்குகிறது. அதை நம் ஊர்க்காரர்கள் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். காரணம் மட்டும் புதருக்குள் இல்லை. அது கீரியின் தசைமேல், ஒரு புரதத்தின் ஒரு மூலையில் இருக்கிறது.

நல்ல பாம்பின் நஞ்சு ஒரே பொருள் அன்று, பல புரதங்களின் கலவை. சில புரதங்கள் சதையை அரிக்கும். கடிவாய் கறுத்து அழுகுவது அவற்றால். ஆளை விரைவில் சாய்ப்பவை ஆல்ஃபா நரம்பு நச்சுகள் எனப்படும் சின்னப் புரதங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அறுபது எழுபது அமினோ அமிலங்கள் கோத்தது. கையை மடக்கு, மூச்சை இழு என்று நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளை, அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளாகப் போய்ச் சேருகிறது. அதை வாங்கிக்கொள்ளத் தசையின் மேல் ஏற்பிப் புரதங்கள் உண்டு. ஏற்பியைப் பூட்டு என்று வைத்துக்கொண்டால் அசிட்டைல்கோலின் அதன் சாவி. நரம்பு நச்சு அந்தச் சாவித்துவாரத்தில் போய் அடைத்துக்கொள்ளும். பூட்டைத் திறக்கவும் செய்யாது, லேசில் வெளியே வரவும் செய்யாது. முதலில் இமை சரியும். பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. கடைசியில் உதரவிதானம் அசையாமல் நிற்கும். நினைவு தெளிவாக இருக்கும்போதே மூச்சு முட்டுவதுதான் இந்த நஞ்சின் கொடுமை.

இந்தப் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதே ஆய்வாளர்களுக்கு வசதியாகப் போயிற்று. தைவான் கட்டுவிரியனின் நஞ்சிலிருந்து சாங், லீ என்ற இருவர் 1963இல் ஆல்ஃபா பங்காரோடாக்சினைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு அந்த நச்சைத் தூண்டிலாகப் போட்டுத்தான் அசிட்டைல்கோலின் ஏற்பியையே பிடித்துத் தனியாக எடுக்க முடிந்தது. பூட்டு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது, அதை அடைத்துக்கொண்ட நஞ்சுதான்.

இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தில் சாரா ஃபுக்ஸின் குழு 1992இல் கீரியின் ஏற்பியை எடுத்துப் பார்த்தது. ஏற்பி ஐந்து துண்டுகள் சேர்ந்த வளையம். அதில் ஆல்ஃபா என்ற துண்டில்தான் சாவித்துவாரம் இருக்கிறது. பல பாலூட்டிகளுக்கு அந்தத் துண்டில் 187ஆம் இடத்தில் டிரிப்டோபான் என்ற தட்டையான, பெரிய அமினோ அமிலம் உண்டு. நச்சு பற்றிக்கொள்வதற்கு அது தோதான இடம். கீரிக்கு அங்கே ஆஸ்பரஜின் இருந்தது. ஆஸ்பரஜினுக்கு ஒரு குணம்: பக்கத்தில் தக்க அமினோ அமிலங்கள் அமைந்துவிட்டால், செல் அதன்மேல் ஒரு சர்க்கரைச் சங்கிலியை ஏற்றிவிடும். கீரியின் பூட்டு வாசலில் அந்தச் சர்க்கரைச் சங்கிலி துருத்திக்கொண்டு நிற்கிறது. அசிட்டைல்கோலின் மிகச் சிறிய மூலக்கூறு, சந்துக்குள் நுழைந்துவிடும். நச்சுப் புரதம் பெரியது, முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

நாகம் தன் நஞ்சாலேயே சாகாமல் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கும் இதே இடத்தில்தான் பதில் கிடைத்தது. இரையைக் கடிக்கும்போது தவறித் தன்னையே கடித்துக்கொள்ளலாம், இன்னொரு நாகம் கடிக்கலாம். எகிப்திய நாகத்தின் ஏற்பியை ஆராய்ந்த ஸோல்டான் டக்காச்சும் கூட்டாளிகளும் 2001இல் வெளியிட்ட முடிவின்படி, அதற்கு 189ஆம் இடத்தில் ஆஸ்பரஜின்; அதன்மேலும் ஒரு சர்க்கரைச் சங்கிலி. சோதனைக்கூடத்தில் அந்தச் சர்க்கரை ஏற முடியாதபடி மாற்றினால் நாகத்தின் ஏற்பியும் நாகத்தின் நச்சிடம் மாட்டிக்கொள்கிறது. கீரியும் பாம்பும் ஜன்மப் பகையாளிகள். இரண்டும் தனித்தனியே கண்டுகொண்ட உபாயம், இரண்டு இடம் தள்ளி, ஒன்றேதான்.

இன்னொரு வழியும் உண்டு. முள்ளெலி, பன்றி, தேன்வளைக்கரடி மூன்றுக்கும் அதே 187ஆம் இடத்தில் ஆர்ஜினின் இருப்பதை 2015இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆர்ஜினினுக்கு நேர்மின்னூட்டம், நச்சின் பற்றும் முனைக்கும் நேர்மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளுகின்றன. ராத்திரியில் மரவள்ளிக் கொல்லையைக் கிளறிப்போட்டு விவசாயியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் காட்டுப்பன்றியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அது பாம்பைக் கண்டு ஒதுங்காததற்குத் தோலின் தடிமன் மட்டும் காரணமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கீரி சாகாவரம் பெற்றதில்லை. நாகத்தின் நஞ்சில் சதையை அரிக்கும் பகுதிக்கு இந்தப் பூட்டு மாற்றம் மருந்தாகாது. ரத்தத்தைக் குலைக்கும் கண்ணாடி விரியனின் நஞ்சு வேறு வழியில் வேலை செய்கிறது. நிறையக் கடி வாங்கினால் கீரியும் சாகும். பெரும்பாலான சண்டையில் அது ஜெயிப்பது சுறுசுறுப்பால்தான். ஏற்பி, குறி தப்பிய நாளில் உயிரைக் காக்கிறது. மனிதர்களுக்குச் சொல்ல வேண்டியது அதைவிட எளிது: கடிபட்டவருக்கு வேண்டியது அரசு மருத்துவமனையில் இருக்கும் விஷமுறிவு ஊசி. வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் நஞ்சைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்துத்தான் அந்த ஊசி மருந்து தயாராகிறது. குதிரை நஞ்சுக்குப் பழகுகிறது, ஆனால் அதன் குட்டிக்கு அந்தப் பழக்கம் பரம்பரையாக வராது. கீரி எதற்கும் பழகவில்லை. என்றோ ஒரு கீரிக்குட்டி டிஎன்ஏ நகலெடுப்பில் நேர்ந்த பிழையோடு பிறந்தது. பாம்புகள் நிறைந்த நாட்டில் அந்தப் பிழை உடையவை கொஞ்சம் அதிகம் பிழைத்தன, கொஞ்சம் அதிகம் குட்டி போட்டன. இப்படியே போய், பிழை இனத்தின் இயல்பாயிற்று.

நமக்கும் இந்தப் பங்கில் சிறு துண்டு கிடைத்திருக்கிறது. ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளின் ஏற்பி நாக நச்சை ஓரளவு தள்ளுகிறது என்றும், மனிதன், சிம்பன்சி, கொரில்லா வகையறாவில் அந்தத் தள்ளல் இன்னும் கூடுதல் என்றும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 2021இல் எழுதினார்கள். நாகமே இல்லாத மடகாஸ்கரில் வாழும் லெமூர்களுக்கு அது இல்லை. நமக்கு இருப்பதும் கடிக்குப் போதாது என்பது இந்தியாவில் ஆண்டுதோறும் பாம்புக்கடியால் ஏறக்குறைய 58,000 பேர் சாகிறார்கள் என்ற கணக்கிலேயே தெரிகிறது.

கீரிப்பூண்டை அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, ஏனென்றால் அந்தச் செடிக்கும் நாகத்துக்கு இருந்த அதே சிக்கல் உண்டு. ஓஃபியோரைசா இனச் செடிகள் சில கேம்ப்டோதெசின் என்ற நச்சைச் சுரக்கின்றன. கீரிப்பூண்டும் அவற்றில் ஒன்று. செல் பிரியும்போது டிஎன்ஏ இழையின் முறுக்கை அவிழ்க்கும் டோபோஐசோமரேஸ் என்ற நொதியை இந்த நச்சு சிக்கவைத்துச் செல்லைக் கொல்லும். வேகமாகப் பிரியும் செல்தான் அதிகம் அடிபடும் என்பதால் புற்றுநோய் மருத்துவம் அதைப் பிடித்துக்கொண்டது. இரினோடெகான், டோபோடெகான் ஆகிய மருந்துகள் கேம்ப்டோதெசினிலிருந்து வந்தவை. சரி, செடிக்கும் அதே நொதி வேண்டுமே, அது ஏன் சாகவில்லை? ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008இல் பார்த்தபோது, இந்த நச்சைச் சுரக்கும் செடிகளின் நொதியில் ஓர் ஆஸ்பரஜின் மட்டும் செரினாக மாறியிருந்தது. மனிதப் புரதத்தின் கணக்கில் அது 722ஆம் இடம். கேம்ப்டோதெசினுக்கு மசியாமல் போன மனிதப் புற்றுசெல்களில் அதற்கு முன்பே கண்டிருந்த மாற்றமும் அதேதான். காட்டுச் செடி கண்ட வழியையே மருந்தில் ஊறிய புற்றுசெல்லும் கண்டுகொண்டிருக்கிறது.

எல்லாக் கதையிலும் மாற்றம் சொல்லிவைத்தாற்போல ஒன்றிரண்டு இடத்திலேயே விழுவது ஏன் என்று கேட்கலாம். பூட்டு உடம்புக்கு வேண்டியது. அசிட்டைல்கோலினுக்குத் திறக்காத ஏற்பியோடு பிறந்த குட்டி, பாம்பைப் பார்ப்பதற்கு முன்பே செத்துவிடும். நச்சைத் தடுக்கவும் வேண்டும், சொந்தச் சாவிக்குத் திறக்கவும் வேண்டும் என்றால் கைவைக்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. அதனால்தான் உறவே இல்லாத உயிர்கள் அதே எண்ணில் வந்து நிற்கின்றன. இதை இன்னும் துல்லியமாகக் காட்டிய உயிர், மலை ஏறும் முன்பே, அடிவாரத்துக் காரவள்ளிப் பக்கம் சாலையோர எருக்கஞ்செடியில் பறந்துகொண்டிருக்கும்.

வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி. ஆரஞ்சு நிறம், கறுப்பு விளிம்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். எருக்கிலையில் முட்டையிடும். எருக்கம்பாலில் இருப்பவை கார்டினோலைடுகள். இதயத்தை நிறுத்தும் நச்சுகள். அரளி, மஞ்சள் அரளி எல்லாவற்றிலும் இந்தக் குடும்பம்தான். இவை அடைக்கும் பூட்டு சோடியம் பொட்டாசியம் பம்பு. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளைச் செல்லுக்கு வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் புரதம் இது. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957இல் நண்டுக் கால் நரம்பில் இதைக் கண்டார். நோபல் பரிசு வர 1997 ஆயிற்று. நாம் சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இந்தப் பம்புகள்தான் தின்கின்றன. அவை நின்றால் நரம்பும் இல்லை, இதயத் துடிப்பும் இல்லை. பூச்சியிலிருந்து மனிதன்வரை பம்பின் அமைப்பு அநேகமாக ஒன்றே. ஆகவே எருக்கு எல்லாருக்கும் நஞ்சு.

வெந்தய வரியனின் அமெரிக்க உறவினரான மொனார்க் பட்டாம்பூச்சியின் பம்பை ஜெர்மனியில் 1992இல் ஹோல்ட்ஸிங்கர், ஃப்ரிக், விங்க் என்ற மூவர் ஆராய்ந்தார்கள். 122ஆம் இடத்தில் ஆஸ்பரஜினுக்குப் பதில் ஹிஸ்டிடின். மரபணுவில் இதற்கு ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும்: ஆஸ்பரஜினைக் குறிக்கும் மூன்றெழுத்தில் முதலில் நிற்கும் ‘ஏ’, ‘சி’ ஆக வேண்டும். பிறகு எருக்குக் குடும்பச் செடிகளைத் தின்னும் வண்டு, நாவாய்ப்பூச்சி, ஈ என்று பலவற்றைப் பார்த்ததில், 111, 122 ஆகிய இரண்டு இடங்களும் திரும்பத் திரும்ப வந்தன. நாம் அன்றாடம் பொறி வைக்கும் எலியும் இதில் உண்டு. அதன் பம்பு இதய நச்சுகளுக்கு ஏன் மசிவதில்லை என்று 1988இல் பிரைஸ், லிங்ரெல் இருவரும் தேடிப்போய் நின்றதும் இதே 111, 122 இடங்களில்தான்.

இவ்வளவு சுலபம் என்றால் எல்லாப் பூச்சியும் எருக்கைத் தின்னலாமே. தின்னாததற்குக் காரணம் 2019இல் வெளிப்பட்டது. கலிஃபோர்னியாவில் நோவா வைட்மன் குழு, கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த நுட்பத்தால் சாதாரணப் பழ ஈயின் பம்பில் மொனார்க்கின் மாற்றங்களைப் பொறித்தது. 111, 119, 122 மூன்றும் சேர்ந்து மாறிய ஈ, மொனார்க் தாங்கும் அளவு நச்சைத் தாங்கியது. கூட்டுப்புழுப் பருவம் தாண்டியும் உடம்பில் கொஞ்சம் நச்சை வைத்திருந்தது. ஆனால் 122 மட்டும் மாறிய ஈக்களின் குப்பியைப் பலமாக உலுக்கினால், அவை விழுந்து வெட்டி இழுத்தன, எழுந்திருக்க நேரமாயிற்று. நச்சு உள்ளே வராத பம்பு, தன் சொந்த வேலையில் தடுமாறியது. 119ஆம் இடத்து மாற்றம் தன்னந்தனியாக நச்சைப் பெரிதாகத் தடுப்பதில்லை. ஆனால் மற்ற மாற்றங்களால் வந்த இந்தத் தடுமாற்றத்தை அது சரிக்கட்டுகிறது. பட்டாம்பூச்சிகளின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பார்த்தால் 119 முன்பே மாறிவிட்டது, 122 கடைசியில் வருகிறது. வரிசை மாறியிருந்தால் நடுவழியில் நின்ற தலைமுறைகள் வலிப்பிலேயே போயிருக்கும். பரிணாமத்துக்கு முன்யோசனை கிடையாது. எந்த வரிசையில் ஒவ்வொரு படியிலும் உயிர் தங்கியதோ, அந்த வரிசைதான் நமக்குப் பார்க்கக் கிடைக்கிறது.

எதிர்ப்புக்கு விலை உண்டு என்பதை ஒப்புக்கொண்டால், அடுத்த கேள்வி: அந்த விலையைக் கொடுக்காமல் நஞ்சைத் தின்ன முடியாதா? முடியும். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் 1952இல் மும்பை இயற்கை வரலாற்றுக் கழக இதழில் குயில்கள் மஞ்சள் அரளிப் பழத்தைத் தின்பது பற்றி எழுதியிருக்கிறார். வீட்டு முற்றத்து அரளிச் செடியில் வெண்புள்ளிக் கருப்பன் பட்டாம்பூச்சியின் புழு இலையைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருப்பதை யாரும் பார்க்கலாம். அந்தப் பட்டாம்பூச்சியின் பம்பைப் பெட்ஷென்கா என்ற ஜெர்மானியர் சோதித்தபோது, அது நச்சுக்குச் சுலபமாக அடங்கும் பழைய மாதிரிப் பம்பு. பூட்டை மாற்றாமலேயே புழு பிழைக்கிறது! அரளி அந்துப்பூச்சியும் அப்படியே; அதன் நரம்புகளைச் சுற்றிய உறை நச்சை உள்ளே விடுவதில்லை, வந்ததையும் வெளியே தள்ளுகிறது.

பெட்ஷென்காவும் அனுராக் அகர்வாலும் 2015இல் மூன்று பட்டாம்பூச்சி இனங்களின் புழுக்களை நச்சுச் செடிகளில் வளர்த்துப் பார்த்தார்கள். மாறிய பம்பு உள்ள புழு, மாறாத பம்பு உள்ள புழுவைவிட நன்றாக வளரவில்லை. தின்பதற்கு மாறிய பம்பு தேவையே இல்லை. எதற்குத் தேவை என்றால், நச்சை உடம்பில் சேர்த்துவைப்பதற்கு. மொனார்க்கும் அதன் உறவுகளும் செடியின் நஞ்சைத் தங்கள் ரத்தத்திலும் சிறகிலும் நிரப்பிக்கொள்கின்றன. கொத்திய பறவை வாந்தி எடுக்கும். அந்த நிறத்தை மறக்காது. நஞ்சுக்குள்ளேயே நாள் முழுக்க ஊறிக் கிடக்கும் உடம்புக்குத்தான் பூட்டை மாற்றும் செலவு கட்டுபடியாகிறது. எனக்கு இந்த ஆய்வு முழுவதிலும் இதுதான் பிடித்த இடம். எதிர்ப்பு என்றால் தற்காப்பு என்றே நினைத்திருந்தோம். இங்கே அது ஆயுதக் கிடங்குக்கான முன்னேற்பாடு.

மழைக்காலத்தில் தெருவிளக்கடியில் உட்கார்ந்திருக்கும் தேரையின் தோலிலும் இதே பம்பை அடைக்கும் நச்சுதான், புஃபாடையீனோலைடு என்று பெயர் மட்டும் வேறு. நாய் தேரையைக் கவ்வினால் நுரை தள்ளும். உடும்பு அதைத் தின்றுவிட்டுப் போகும். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தேரைகளோடு வாழும் உடும்பு இனங்களின் பம்பில் நச்சைத் தடுக்கும் மாற்றங்கள் இருக்கின்றன. அவற்றின் மூதாதையர் சிலர் ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே தேரையே கிடையாது. எதிர்ப்பால் பயனில்லாத நாட்டில் அது கழன்றுவிட்டது. நான்கு டிஎன்ஏ எழுத்துகளின் வித்தியாசம் என்று பியாட்டா உய்வாரியின் குழு 2013இல் கணக்குச் சொன்னது. 1935இல் குவீன்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களில் வண்டு பிடிக்க அமெரிக்கக் கரும்புத் தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். வண்டு குறைந்ததாகத் தெரியவில்லை. தேரை பெருகிற்று. அதைக் கவ்விய உடும்புகள் வாயில் தேரையோடேயே செத்துக் கிடந்தன. சில பகுதிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் போய்விட்டன. இப்போது அங்குள்ள ஆய்வாளர்கள், பெரிய தேரைகள் வந்து சேரும் முன்பே சின்னத் தேரைகளைக் காட்டில் விட்டு, உடும்பைக் கொஞ்சமாக நோகவைத்து, இனித் தேரைப் பக்கம் போகாதபடி பாடம் கற்பிக்கிறார்கள். பாடம் படித்த உடும்புகள் பிழைக்கின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் மாற்றக்கூடிய பூட்டுகள். மாற்றவே இடம் கொடுக்காத பூட்டும் உண்டு. கொல்லிமலைச் சரிவுகளில் சாமையும் தினையும் இருந்த நிலங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மரவள்ளிதான் அதற்கு உதாரணம். அறுவடையில் பெரும்பகுதி லாரியில் இறங்கி ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. மரவள்ளியின் இலையிலும் தோலிலும் லினமாரின் என்ற பொருள் ஓர் அறையிலும், அதை உடைக்கும் நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. மென்றால் இரண்டும் கலந்து சயனைடு வெளியாகும். சயனைடு போய் உட்காரும் இடம், செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் நாம் மூச்சில் இழுத்த ஆக்சிஜன் கடைசியாக வந்து சேரும் அதே இரும்பு. ஆக்சிஜனும் மிகச் சிறியது, சயனைடும் மிகச் சிறியது. ஒன்றை விட்டு மற்றதைத் தடுக்க அங்கே சர்க்கரைச் சங்கிலி வைக்க முடியாது. ஆகவே சயனைடோடு வாழும் உயிர்கள் பெரும்பாலும் நஞ்சையே உடைக்கும் வழிக்குப் போயின.

மரவள்ளி இலையின் அடியில் மெல்லிய நூலாம்படை கட்டிச் சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேன் இதில் கில்லாடி. ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2014இல் அதன் மரபணுக்களில் ஒன்றைத் துருவியபோது, சயனைடைப் பிடித்து ஆபத்தற்ற அமினோ அமிலமாக மாற்றும் அந்த மரபணு கணுக்காலி வம்சத்துக்கே சொந்தமில்லை என்று தெரிந்தது. பாக்டீரியாவிலிருந்து எப்போதோ ஒட்டிக்கொண்டு வந்தது. பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி இனங்களிலும் அதே பாக்டீரியா மரபணு இருக்கிறது. பூட்டில் ஓர் எழுத்து மாறக் காத்திருக்காமல், முழுக் கருவியையும் அடுத்த வீட்டிலிருந்து வாங்கிக்கொண்ட கதை.

நமக்கு அப்படி வாங்கிய மரபணு இல்லை. ஈரலில் ரோடனீஸ் என்ற நொதி இருக்கிறது. சயனைடோடு கந்தகத்தைச் சேர்த்துச் சிறுநீரில் அனுப்பிவிடும். கந்தகத்துக்கு அது பருப்பு, முட்டை, மீன் என்று புரத உணவை நம்பியிருக்கிறது. மீதி வேலையைச் சமையல்கட்டு பார்த்துக்கொள்கிறது: தோலை உரித்து, துண்டு போட்டு, தண்ணீரில் கிடத்தி, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுவது. பஞ்ச காலத்தில் கசப்பு மரவள்ளியை அவசரமாகப் பக்குவம் செய்து, பருப்பும் மீனும் இல்லாமல் அதையே தின்ற ஆப்பிரிக்கக் கிராமங்களில் கொன்சோ என்ற நோய் வருகிறது. கால்கள் திடீரென்று விறைத்துப்போகும், திரும்பச் சரியாவதில்லை.

ஆடு மாடுகளின் பாடு இன்னும் மோசம். அசைபோடும் விலங்கின் பெருவயிற்றில் நார் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் லினமாரினையும் வேகமாக உடைத்து, சயனைடை ஒரேயடியாக விடுவிக்கின்றன. சிலந்திப்பேனைக் காப்பாற்றியதும் பாக்டீரியா, ஆட்டைச் சாய்ப்பதும் பாக்டீரியா. மரவள்ளி இலையையோ உரித்துப்போட்ட தோலையோ வயிறு முட்டத் தின்ற ஆடு சில நிமிடங்களில் விழுந்துவிடும். கால்நடை மருத்துவர் உரிய நேரத்தில் வந்து சேர்ந்தால், ரத்தக்குழாயில் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்ஃபேட்டும் ஏற்றுவார். முதலாவது, ரத்தத்திலேயே சயனைடுக்கு வேறொரு இரும்பைக் காட்டி இழுத்துவைக்கும். இரண்டாவது, ஆட்டின் ரோடனீஸுக்கு அந்த நேரத்தில் போதாமல் போன கந்தகத்தைக் கொடுக்கும்.